போருக்கு ஆமென் சொல்லாதவர்கள்

கேமரன் மலையில், தானா ராத்தாவை ஒட்டி, ஆங்கிலிக்கன் சபையின் சிறிய ஆலயம் ஒன்று உண்டு. ஆல் சோல்ஸ் சர்ச் என்று பெயர். அரைவட்டமாக வளைந்து இறங்கும் அதன் தகரக் கூரையைப் பார்த்ததும் விஷயம் தெரிந்தவர்களுக்குப் புரிந்துவிடும்: அது ராணுவத்தின் நிஸ்ஸன் கொட்டகை. முகாம்களில் சிப்பாய்கள் படுத்துறங்கவும் தளவாடங்களை அடுக்கவும் பயன்பட்ட அதே வகைக் கொட்டகை. பிரிட்டிஷ் ராணுவம் கொடுத்ததைச் சபையார் 1950களின் கடைசியில் பீடமும் சிலுவையும் வைத்து ஆலயமாக்கிக்கொண்டார்கள். மலாயாவில் அப்போது அவசரகாலம் இன்னும் முடிந்திருக்கவில்லை.

படை கொடுத்த கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, அந்தப் படையை அனுப்பிய போர் தவறு என்று சொல்ல முடியுமா? முடியும் என்றால், அதே கூரைக்குக் கீழே வந்து மண்டியிடும் சிப்பாயிடம் என்ன சொல்வது? 'வீரனை ஆதரிக்கிறோம், போரை எதிர்க்கிறோம்' என்பது 2003இல் ஈராக் போர் தொடங்கிய நாள்களில் பல நாடுகளிலும் கேட்ட வாசகம். இரு தரப்பிலும் பகை தேடிக்கொள்ளாமல் நழுவ அது உதவுகிறது. அதனாலேயே அதன்மேல் எனக்குச் சந்தேகம். ஆனால் தூக்கி எறியவும் மனம் வரவில்லை. கிறிஸ்தவ மரபிலும் தமிழ் மரபிலும் அந்த வாசகத்துக்குள் கனமான ஏதோ ஒன்று கிடக்கிறது. அதைத் தோண்டிப் பார்ப்பதற்குக் கேமரன் மலை நல்ல இடம்.

பிரிஞ்சாங், திரிங்காப் தாண்டி வடக்கே போனால் கோலா தெர்லா. அதையும் தாண்டினால் கம்போங் ராஜா, புளூ வேலி தேயிலைத் தோட்டம். தெற்கே ரிங்லட் பக்கம் 1929இல் ஜே. ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டம். கோலா தெர்லாவில் இன்று பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் காய்கறியும் பூவும் விளைகின்றன. ஆனால் இந்த மலைச்சரிவுகளில் காடழித்துத் தேயிலை நட்டுக் கொழுந்து பறித்த கூட்டத்தில் நம்மவர்கள் முன்வரிசை. கம்போங் ராஜாவிலிருந்து மேற்கே இறங்கும் சாலை சிம்பாங் பூலாய் வழியாக ஈப்போவுக்குப் போகிறது. ஈப்போவைப் பிறகு பேசுவோம்.

1948 ஜூன் 16 அன்று பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம் 1960 ஜூலை 31 வரை நீடித்தது. பிரிட்டிஷ் அரசு அதைப் போர் என்று அழைக்கவே இல்லை. ஆனால் கணக்கு போர்க்கணக்குதான்: கம்யூனிஸ்ட் தரப்பில் 6,710 பேர், மலாயாப் படையினரும் போலீஸாரும் 1,346 பேர், பிரிட்டிஷ் படையினர் 519 பேர், எந்தப் பக்கமும் ஆயுதம் எடுக்காத பொதுமக்கள் 2,478 பேர் கொல்லப்பட்டார்கள். 810 பேர் காணாமலே போனார்கள்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்கு அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் இருபுறமும் நெருக்கிய காலம். பகலில் பட்டாளம் வந்து கேள்வி கேட்கும்; இரவில் காட்டிலிருந்து ஆள் வந்து அரிசி கேட்பான். கொடுத்தால் அரசாங்கத்துக்கு எதிரி, கொடுக்காவிட்டால் காட்டுக்கு எதிரி. காட்டுக்கு அரிசி போவதைத் தடுக்க வந்த பிரிக்ஸ் திட்டத்தில் 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். தோட்ட லயங்களும் முள்கம்பி வேலிக்குள் வந்தன. அரிசிக்கு அளவு, இரவுக்கு ஊரடங்கு, அடையாள அட்டை இல்லாமல் வெளியே நடமாட முடியாது.

தமிழர்கள் எல்லாப் பக்கமும் இருந்தார்கள். போலீஸில் இருந்தார்கள், தோட்டக் காவலில் நின்றார்கள். 1952இல் எல்லா இனத்தாரையும் சேர்த்து அமைக்கப்பட்ட ஃபெடரேஷன் ரெஜிமென்டிலும் சேரலாம் என்றானது. மறுபக்கம், கம்யூனிஸ்ட் கட்சியின் முக்கியத் தலைவர்களுள் ஒருவரான ஆர். ஜி. பாலன் அவசரகாலத்தின் பெரும்பகுதியைத் தடுப்புக்காவலில் கழித்தார். தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி, சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) முன்பு இருந்தவர், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஒரே லயத்தில் ஒருவன் காக்கிச்சட்டை போட்டிருக்க, இன்னொருவன் காட்டுக்குப் போயிருக்கலாம். அந்த லயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடந்தால், 'எங்கள் படைகளுக்கு வெற்றி கொடும்' என்று யாருக்காக ஜெபிப்பது? வெற்றிக்காக ஜெபிக்க முடியாத இடத்தில் ஆளுக்காகத்தான் ஜெபிக்க முடியும். வீரனையும் போரையும் பிரித்துப் பார்ப்பது அங்கே சித்தாந்தமாகப் பிறக்கவில்லை. வேறு வழியில்லாத குடும்பங்களின் நிலையாகப் பிறந்தது.

*

சுவிசேஷங்களைப் படிக்கிறவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவர், பகைவனுக்காக ஜெபிக்கச் சொன்னவர், கைதாகும் இரவில் பேதுருவின் பட்டயத்தை உறைக்குள் போடச் சொன்னவர், கப்பர்நகூமில் ரோமப் படையின் நூற்றுக்கதிபதி ஒருவன் வேலைக்காரனுக்காக வந்து நின்றபோது அவன் விசுவாசத்தைப் புகழ்கிறார். படையை விட்டு வா என்று அவனிடம் சொன்னதாகப் பதிவில்லை. யோர்தான் கரையில் சிப்பாய்கள் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டபோது, யோவான் ஸ்நானகன் சொன்னது ஊரைப் பிடுங்காதே, பொய்க்குற்றம் சாட்டாதே, சம்பளத்தோடு நில் என்பதுதான். அப்போஸ்தலர் நடபடிகளில் யூதரல்லாதவர்களுக்குச் சபையின் கதவைத் திறந்துவிடும் கொர்நேலியுவும் நூற்றுக்கதிபதியே.

போரை நியாயப்படுத்துகிறவர்கள் இந்தச் சிப்பாய்களைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். போர் மறுப்பாளர்கள் மலைப்பிரசங்கத்தை அழைக்கிறார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் தைரியம் முதல் மூன்று நூற்றாண்டுச் சபைக்கு இருந்தது. கி.பி. 295இல் வட ஆப்பிரிக்காவின் தெபெஸ்தாவில் மாக்ஸிமிலியன் என்ற 21 வயது இளைஞனைப் படையில் சேர்க்க நிறுத்துகிறார்கள். கிறிஸ்தவன் என்பதால் சேர மாட்டேன் என்கிறான். பேரரசரின் மெய்க்காப்புப் படையிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களே என்கிறார் ஆளுநர். அவர்களுக்கு எது தகும் என்பது அவர்களுக்குத் தெரியும், என்னால் தீமை செய்ய முடியாது என்ற பொருளில் பதில் சொல்கிறான். தலை வெட்டப்பட்டது. தன் மறுப்பில் அணுவளவும் இறங்காமல், சீருடை போட்ட சகோதரன்மேல் தீர்ப்பும் சொல்லாமல் அவன் செத்தான். பிற்காலத்துப் போர் மறுப்பாளர்கள் பலருக்கு வாய்க்காத பண்பு அது.

கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு பேரரசே கிறிஸ்தவமானது. அகுஸ்தீன் நியாயமான போருக்கு வரையறை தேடினார். தோமா அக்வினாஸ் அதை ஒழுங்குபடுத்தினார். 16ஆம் நூற்றாண்டில் மெனோனைட்டுகளும் அடுத்த நூற்றாண்டில் குவேக்கர்களும் முற்றாக ஆயுதம் துறந்தார்கள். ஆனால் தமிழர்களிடம் பெரிதாக வேரூன்றிய சபைகளில் இவர்கள் இல்லை. லுத்தரன்களின் ஆக்ஸ்பர்க் அறிக்கை (1530) நியாயமான போரில் பணிபுரியலாம் என்கிறது. ஆங்கிலிக்கன்களின் 39 விதிகளில் 37ஆவது விதி ஆட்சியாளர் கட்டளையிட்டால் ஆயுதம் ஏந்தலாம் என்கிறது. கத்தோலிக்கருக்கு அகுஸ்தீனும் அக்வினாஸும் உண்டு. தரங்கம்பாடியிலிருந்து கேமரன் மலைவரை தமிழ்க் கிறிஸ்தவர்கள் போரைப் பற்றித் தாமாக முடிவெடுத்ததே இல்லை. முடிவு கப்பலிலேயே வந்து இறங்கிவிட்டது.

எல்லாவற்றையும் நியாயப்படுத்திய அந்தப் பெருமரபுகூட ஒன்றை மறக்காமல் வைத்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயர் பசிலியார், போரில் கொல்வதைக் கொலைக்குற்றமாக முன்னோர் எண்ணவில்லை, என்றாலும் கை சுத்தமில்லை என்பதால் மூன்றாண்டு நற்கருணை எடுக்காமல் இருப்பது நல்லது என்று ஆலோசனை சொன்னார். 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில் நார்மானியர் வென்றார்கள். அவர்களுக்குப் போப்பின் ஆதரவு இருந்தது. அப்படியிருந்தும் சில ஆண்டுகளில் ஆயர்கள் அந்த வெற்றிவீரர்களுக்கே தவம் விதித்தார்கள்: கொன்ற ஒவ்வொருவனுக்கும் ஓராண்டு; எத்தனை பேர் என்று தெரியாதவனுக்கு வாழ்நாள் முழுவதும் வாரம் ஒரு நாள்; அம்பு யார்மேல் பட்டது என்றே அறியாத வில்லாளிகளுக்குத் தனிக் கணக்கு.

இது தண்டனைபோலத் தெரியும். நான் இதை அக்கறையாகப் படிக்கிறேன். நீ செய்ததை நாங்கள் ஒன்றுமில்லை என்று ஒதுக்கவில்லை, உன் இரவுகளை நாங்கள் அறிவோம், திரும்பி வர ஒரு வழி வைத்திருக்கிறோம் என்று சபை சிப்பாயிடம் சொன்னது. பதக்கம் மட்டும் கொடுத்து அனுப்பும் நாடு இதில் எதையும் சொல்வதில்லை.

*

தமிழ்நாட்டில் இந்த இரட்டை வேலையைச் செய்தவர் ஒருவர் உண்டு. கிறிஸ்தியான் ஃபிரெட்ரிக் சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடியில் இறங்கி, பிறகு திருச்சிராப்பள்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்துக்குப் போதகராக இருந்தவர். பட்டாளத்தாரின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். கம்பெனியிடம் ஊதியமும் வாங்கினார். 1779இல் சென்னை ஆளுநர் ரம்போல்ட் மைசூரை ஆண்ட ஹைதர் அலியிடம் சமாதானத் தூது அனுப்ப நினைத்தபோது சுவார்ட்ஸைத்தான் தேர்ந்தெடுத்தார். ஸ்ரீரங்கப்பட்டணம் போய் ஹைதரைச் சந்தித்தார். ஹைதர் கொடுத்த பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கம்பெனியிடம் ஒப்படைத்தார். பின்னர் அது ஆதரவற்ற பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது. தூது பலிக்கவில்லை. 1780இல் போர் மூண்டது. ஆனால் ஹைதரின் படை கர்நாடிக் பகுதியைச் சூறையாடிய நாள்களிலும் அந்தப் பாதிரியாரைத் தொடாதே என்ற உத்தரவு இருந்தது. தஞ்சைக் கோட்டையில் பஞ்சம் வந்தபோது, அரசனையும் கம்பெனியையும் நம்பாத குடியானவர்கள் சுவார்ட்ஸின் வாக்கை நம்பி மாடுகளைக் கொண்டுவந்து தானியம் சுமந்தார்கள். பட்டாளத்தின் சோற்றைத் தின்றும் இரு தரப்பின் நம்பிக்கையைப் பெற்றார். கம்பெனி அவரைப் பயன்படுத்திக்கொண்டது என்பதும் உண்மை. சமாதானம் பேச வந்த பாதிரியை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் போருக்குத் தயாராவது அரசுகளுக்குப் புதிதல்ல.

அதே திருச்சியின் உறையூரில், சங்க காலத்தில், நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைத்துக் கிடக்க, நலங்கிள்ளி வெளியே முற்றுகையிட்டிருந்தான். இருவரும் சோழர்கள். கோவூர்கிழார் இடையில் போய் நின்று, எதிரி பனம்பூவும் சூடவில்லை, வேப்பம்பூவும் சூடவில்லை, இருவர் கழுத்திலும் ஆத்திதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி என்று எடுத்துச் சொன்னார். புறநானூற்றின் 45ஆம் பாட்டு அது. நலங்கிள்ளியைப் பாடிப் பரிசில் பெற்ற புலவரே அவன் போரை நிறுத்தச் சொன்னார். நம் மரபில் விழுந்த மறவனுக்கு நடுகல் உண்டு. ஆநிரை மீட்கப் போய்ச் செத்த எளியவனின் பெயரும் கல்லில் நின்றது. இன்னொரு பக்கம் கலிங்கத்துப்பரணியும் உண்டு. அங்கே போரே விருந்தாகிவிடுகிறது, செத்தவனுக்குப் பெயர் இல்லை. மறவனைப் போற்றுவதும் போரைப் போற்றுவதும் வேறு வேறு என்று தமிழுக்கு எப்போதோ தெரியும். பிற்காலத்து அரசியல் மேடைகள் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

*

இனி ஈப்போ. பின்னாளில் இலங்கைத் தமிழர்களின் தலைவரான எஸ். ஜே. வி. செல்வநாயகம் 1898 மார்ச் 31 அன்று அங்கே பிறந்தார். சிறுவயதிலேயே யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குப் போய்விட்டார். கிறிஸ்தவர், பெரும்பாலும் சைவர்களான மக்கள் அவரைத் தந்தை என்று அழைத்தார்கள். 1956 ஜூன் 5 அன்று அவர் தலைமையில் கொழும்பு காலிமுகத் திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைக் கும்பல் அடித்து நொறுக்கியது. 1961இல் வடக்கிலும் கிழக்கிலும் கச்சேரிகள் எனப்படும் மாவட்ட அரசு அலுவலகங்களுக்கு முன்னால் மாதக்கணக்கில் அமர்ந்தவர்களை ராணுவம் வந்து அகற்றியது. தலைவர்கள் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார்கள். அவர் கடைசிவரை ஆயுதம் கேட்கவில்லை. 1977 ஏப்ரலில் இறந்தார். அதன்பிறகு மூண்ட ஆயுதப் போரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அதே ஈப்போவில் 1927இல் பிறந்தவர் ராசம்மா பூபாலன். இவரும் யாழ்ப்பாண வம்சாவளிக் கிறிஸ்தவர். பதினாறு வயதில் சுபாஷ் சந்திர போஸின் ராணி ஜான்சி படையில் சேர்ந்தார். பர்மா எல்லைவரை போனார். போருக்குப் பின் ஆசிரியரானார், கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தார், பெண் ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கேட்டுச் சங்கம் கட்டினார். துப்பாக்கி பிடித்த பெண் கரும்பலகைக்குத் திரும்பி வந்து இன்னொரு போராட்டத்தை ஆயுதமின்றி நடத்தினார். ஒரே ஊர், ஒரே விசுவாசம், இரண்டு பதில்கள். இருவரில் யாரை விசுவாசத்தில் குறைந்தவர் என்பது?

ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தோட்டத் தமிழர்களை அன்றைய நெருக்கடியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1942-43இல் ஜப்பானியர் மலாயாவிலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதைக்கு ஏறத்தாழ 75,000 தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். பல பத்தாயிரம் பேர் திரும்பவில்லை. சயாமுக்குப் பிடித்துப் போவதிலிருந்து தப்பப் படையில் பெயர் கொடுத்தவர்களும் உண்டு. விடுதலைக்கனவு ஒரு பாதி, உயிராசை ஒரு பாதி. அவனை வீரன் என்று தூக்கிவைப்பதும் ஜப்பானின் கைக்கூலி என்று தள்ளுவதும் ஒரே சோம்பலின் இரண்டு முகங்கள். அந்தப் பாதையில் செத்த நேசநாட்டுக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தமிழ்த் தொழிலாளிக்குப் பெயர் பொறித்த கல் இல்லை. சீருடை போட்டவனை நினைப்பதற்கு உலகம் கற்றிருக்கிறது. சீருடையின்றி அதே போரில் செத்தவனை நினைக்க இன்னும் கற்கவில்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அந்த வேலையை ஓரளவு செய்தது.

அன்று ஜப்பானியரிடம் கைதிகளாக இருந்தவர்களிடமிருந்து வந்த இரண்டு கிறிஸ்தவச் சாட்சிகள் முக்கியமானவை. எர்னஸ்ட் கார்டன், மலாயாவில் போரிட்ட ஸ்காட்லாந்துப் படையின் அதிகாரி, கைதியாகி ரயில்பாதையில் சாகக் கிடந்து பிழைத்தவர். திரும்பும் வழியில் ஒரு ரயில் நிலையத்தில் காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்கள் புழுத்துக் கிடந்ததைக் கண்டு, தம் கூட்டத்தார் இறங்கிப் புண்ணைக் கழுவித் தண்ணீர் கொடுத்ததை எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் போதகரானார். இன்னொருவர் சிங்கப்பூர் ஆயர் லியோனார்ட் வில்சன்; மலாயா சபைகளுக்கும் அவரே ஆயர். 1943இல் ஜப்பானிய ராணுவப் போலீஸ் அவரைச் சித்திரவதை செய்தது. போருக்குப் பின், சித்திரவதை செய்தவர்களுள் ஒருவன் கிறிஸ்தவனாகி வந்தபோது, அவன் தலையில் கைவைத்துத் திடப்படுத்தல் கொடுத்தார். இருவரும் போர் எதிர்ப்பு மேடையில் பேசி இதைச் செய்யவில்லை. எதிரிச் சிப்பாயும் சிப்பாய்தான் என்று அவர்கள் கண்டார்கள். வீரனை ஆதரிப்பதாகச் சொல்கிறவர்களுக்கு இது ஒரு சோதனை: நம் தரப்பு வீரனுக்கு மட்டுமா அந்த ஆதரவு?

*

சோதனையின் கடினமான பகுதி நம் தரப்பு வீரன் குற்றம் செய்யும்போது வருகிறது. 1948 டிசம்பர் 11, 12 தேதிகளில் சிலாங்கூரின் பத்தாங் காலியில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையின் ரோந்துக் குழு ஒன்று ஆயுதமில்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுக் கொன்றது. தப்பியோடியபோது சுட்டார்கள் என்றது அரசு. சுட்டவர்களில் பெரும்பாலோர் கட்டாயச் சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்கள். இருபது ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலர் வாய் திறந்தார்கள்: ஓடியதால் சுடவில்லை, சுடச் சொன்னதால் சுட்டோம் என்று. 1970 பிப்ரவரியில் ஒரு லண்டன் செய்தித்தாள் அதை வெளியிட்டது. விசாரணை தொடங்கி, அதே ஆண்டு ஆட்சி மாறிய கோடையில் கைவிடப்பட்டது. கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறின. 2015இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றமும் பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்தது.

அந்தச் சிப்பாய்களுக்கு யார் ஆதரவாக நின்றார்கள்? அவர்கள் பெயரைக் காப்பாற்றுகிறேன் என்று கோப்பை மூடிய அரசா? அரசு காத்துக்கொண்டது தன்னைத்தான். மனசாட்சி அரித்த மனிதன் போய்ச் சொல்வதற்கு அவனுக்கு ஒரு செய்தித்தாள்தான் கிடைத்தது. பசிலியாரைப் போன்ற ஆயர்கள் செய்ததைச் செய்ய ஒரு சபை அங்கே இருந்திருந்தால், அந்த வாக்குமூலம் இருபது ஆண்டு காத்திருந்திருக்காது. பத்தாங் காலியின் விதவைகளும் அத்தனை காலம் பொய்யைக் கேட்டிருக்க வேண்டியதில்லை. சிப்பாயைப் பாராட்டி அனுப்பும் ஆராதனை உண்டு, செத்தவனை அடக்கம் செய்யும் ஆராதனை உண்டு. திரும்பி வந்து பேச முடியாமல் தவிப்பவனுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. வீரனை ஆதரிக்கிறோம் என்ற வாசகம் அங்கேதான் பொய்த்துப் போகிறது.

நம் பிள்ளைகள் என்று வரும்போது இது இன்னும் கடினம். ராஜினி திராணகம யாழ்ப்பாணத்து மருத்துவர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தொடக்கத்தில் போராளிகளுக்குத் துணைநின்றவர். பிறகு அரசுப் படை, இந்திய அமைதிப்படை, இயக்கங்கள் என்று எல்லாத் தரப்பின் கொடுமைகளையும் பதிவு செய்யும் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பில் இருந்தார். 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களில் ஒருவர். காயம்பட்ட பிள்ளைமேல் இருந்த பரிவும் அவன் கையிலிருந்த துப்பாக்கி செய்ததன்மேல் இருந்த கோபமும் அவரிடம் ஒன்றையொன்று அழிக்கவில்லை. 1989 செப்டம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். ஆதரவும் எதிர்ப்பும் ஒரே ஆளிடம் நேர்மையாக இருந்தால் அதற்கு விலை உண்டு என்பதற்கு அவரைவிடப் பெரிய சான்று தமிழில் இல்லை.

*

தஞ்சாவூர்க்காரரான காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா இந்த விவாதத்தை இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோனவர். 1930இல் இந்திய ஆங்கிலிக்கன் சபையின் தலைமை ஆயர் ஃபாஸ் வெஸ்ட்காட் காந்தியின் சட்டமறுப்பை எதிர்த்தபோது, கிறிஸ்துவின் வழியில் நடப்பது யார் என்று அவரையே எதிர்த்துக் கேட்டார். சிறையில் இருந்தபோது இயேசுவின் போதனைகளைப் பற்றி நூல் எழுதினார். போரின் வேர் பொருளாதாரத்தில் இருக்கிறது என்பது அவர் வாதம்: தொலைதூரத்திலிருந்து மூலப்பொருளும் சந்தையும் வேண்டும் என்றால் அந்த வழியைக் காக்கப் படை வேண்டும், அந்தப் பொருளை வாங்குகிறவன் அந்தப் படை செய்ததிலும் பங்காளி.

மலாயாவுக்கு இது அப்படியே பொருந்தும். போருக்குப் பின் கடனில் தத்தளித்த பிரிட்டனுக்கு டாலர் கொண்டுவந்தவை மலாயாவின் ரப்பரும் ஈயமும். கிளாஸ்கோவிலிருந்து வந்த பத்தொன்பது வயதுப் பையன் பகாங் காட்டில் அட்டைக்கடியோடு காத்துநின்றது கணக்குப் புத்தகத்தில் அந்த வரிகளையும் சேர்த்துத்தான். அவனுக்குப் பக்கத்திலேயே, கம்பி வேலிக்குள், அந்த வரிகளை உழைத்து உண்டாக்கிய தமிழன் ஊரடங்கில் கிடந்தான். இருவரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது ஒரே கை. இதைப் புரிந்துகொண்ட பிறகு சிப்பாயை வெறுக்க முடிவதில்லை. அவனை அனுப்பிய ஏற்பாட்டை மன்னிக்கவும் முடிவதில்லை. போரை எதிர்க்கிறவன் சிப்பாயைவிடத் தூயவன் அல்லன். அவனுடைய வரியும் தேநீரும் ரப்பர் செருப்பும் அந்தப் போரில் இருந்தன. 'உன்னை நாங்கள் அனுப்பினோம்' என்று சொல்லத் துணிகிறவனுக்கே 'இனி அனுப்ப மாட்டோம்' என்று சொல்லும் தகுதி வருகிறது.

கத்தோலிக்கத் திருச்சபை 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், மனசாட்சியின் பேரில் ஆயுதம் மறுப்பவர்களுக்குச் சட்டம் மனிதாபிமானத்தோடு இடமளிக்க வேண்டும் என்றது. நாஜிப் படையில் பணிபுரிய மறுத்து 1943இல் தலை வெட்டப்பட்ட ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஸ்டேட்டரை 2007இல் அருளாளர் ஆக்கியது. அவர் உயிரோடிருந்தபோது அவருடைய ஆயரே சேரச் சொல்லித்தான் அறிவுறுத்தினார். போப் பிரான்சிஸ் 2020இல் எழுதிய சுற்றுமடலில், நியாயமான போர் என்று பேசுவதே இன்று மிகக் கடினம் என்ற இடத்துக்கு வந்திருந்தார். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுச் சிந்தனை மெல்ல மாக்ஸிமிலியன் நின்ற இடத்தை நோக்கி நகர்கிறது. ஆனால் பக்கத்துச் சிங்கப்பூரில் யெகோவாவின் சாட்சிகள் அமைப்பு 1972இல் பதிவுநீக்கம் செய்யப்பட்டது. அந்த விசுவாசத்து இளைஞர்கள் ராணுவச் சேவையை மறுத்து இன்றும் காவலில் வைக்கப்படுகிறார்கள். அவர்களுடைய வேதவியாக்கியானம் நமக்கு ஒத்துவராமல் போகலாம். கொல்லப் பழக மாட்டேன் என்று சொன்னதற்காக ஒரு பையன் அடைக்கப்படும்போது, மலைப்பிரசங்கத்தை வாசிக்கும் மற்றச் சபைகளெல்லாம் வாயை மூடிக்கொண்டிருப்பது சரியல்ல.

மலேசியாவில் தேசிய சேவைப் பயிற்சி 2018இல் நிறுத்தப்பட்டு 2025இல் புது வடிவில் திரும்பியிருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் போவார்கள். சிலர் படையிலேயே சேர்வார்கள். சேரட்டும். லெபனானில் ஐ.நா. அமைதிப்படையில் நிற்கும் மலேசியச் சிப்பாயைப் பார்த்து, எல்லாச் சீருடையும் ஒன்றே என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சேரும் முன் ஒருமுறை, சுடு என்ற கட்டளை தவறாக இருந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்க ஒரு போதகர் வேண்டும். சேர மறுப்பவனைக் கோழை என்று சொல்லாத ஒரு சபை வேண்டும். திரும்பி வருபவன் சொல்வதைக் கேட்டு மூடிவைக்காத காது வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 31 மலேசியாவில் மாவீரர் நாள். அவசரகாலம் முடிந்த தேதியும் அதுவே. அதை ஒட்டிய ஞாயிறு ஆராதனையில் தமிழ்ச் சபைகள் படையினருக்காக ஜெபிக்கட்டும். அதே ஜெபத்தில் அந்த 2,478 பேரையும், காணாமற்போன 810 பேரையும், காட்டில் செத்த 6,710 பேரையும், பத்தாங் காலியின் 24 பேரையும் சேர்த்துச் சொல்லட்டும். அப்படிச் சொல்லத் துணியாத சபை வீரனை ஆதரிப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். அது ஆதரிப்பது போரைத்தான்.